கொலுவும் கால்பந்து அட்டவணையும்

நவராத்திரி வந்தால் டோம்பிவிலி மாமிகள் போடுகிற கணக்கு ஒன்று உண்டு. என்றைக்கு யார் வீட்டுக்குப் போவது, என்றைக்கு நாம் வீட்டில் இருந்து வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுப்பது என்று. இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் வெளியே கிளம்பி, ஒரே நாளில் வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? ஒன்பது நாளும் ஒருவர் கொலுவை ஒருவர் பார்க்கவே முடியாது :-)

கால்பந்து லீக்குக்கு அட்டவணை போடுகிறவர் தலைவலியும் இதேதான்.

இந்தத் தலைவலியைத் தொடங்கி வைத்தவர் வில்லியம் மெக்ரெகர். பர்மிங்ஹாமில் ஆஸ்டன் வில்லா அணியை நடத்தியவர்களில் ஒருவர். அந்தக் காலத்தில் கோப்பை ஆட்டம் வந்தால் மற்ற ஆட்டங்கள் ரத்தாகிவிடும். டிக்கெட் காசை நம்பியிருந்த கிளப்புகள் திண்டாடின. 1888 செப்டம்பரில் 12 அணிகளோடு இங்கிலாந்தில் கால்பந்து லீக் தொடங்கியது. எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை, உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று. ஆளுக்கு 22 ஆட்டம். உலகம் முழுக்க இன்றும் பெரும்பாலான லீக்குகள் இந்த வழியில்தான் ஓடுகின்றன.

இதைவிட நியாயம் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் எண்ணிக்கை சமமானால் மட்டும் போதாதே, வரிசையும் முக்கியம். ஒரு வாரம் சொந்த ஊர், மறுவாரம் வெளியூர் என்று மாறி மாறி வந்தால்தான் உடம்புக்கும் நல்லது, கல்லாவுக்கும் நல்லது. அப்படி மாறி மாறி வர இரண்டே வழிதான்: முதலில் உள்ளூர் அல்லது முதலில் வெளியூர். ஒரே வழியில் போகும் இரண்டு அணிகள், கொலு மாமிகள் மாதிரி, மோதிக்கொள்ளவே முடியாது. ஆக, எட்டு அணிகள் ஒருமுறை மோதும் சுற்றில் இரண்டு அணிக்குத்தான் சீரான வரிசை கிடைக்கும். மற்ற ஆறுக்கும் எங்காவது ஓரிடத்தில் இரண்டு ஆட்டம் தொடர்ந்து உள்ளூரிலோ வெளியூரிலோ வந்தே தீரும். இதில் யாருடைய சதியும் இல்லை, வெறும் கணக்கு.

இந்தியன் சூப்பர் லீக் 2014 அக்டோபரில் இப்படித்தான் எட்டு அணிகளோடு தொடங்கியது. ஆளுக்கு 14 லீக் ஆட்டம், அரையிறுதி, இறுதி எல்லாம் சேர்த்து 61 ஆட்டங்கள், 70 நாளில் முடித்துவிட்டார்கள். குவாஹாத்தி எங்கே, கொச்சி எங்கே! மும்பை சிட்டி அப்போது நெருலில் டி.ஒய்.பாட்டீல் மைதானத்தில் ஆடியது. நமக்கு தானே போய் வண்டி மாறினால் போதும்.

ஆனால் எந்தக் கணக்கும் மழையைக் கேட்டு எழுதப்படுவதில்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை மூழ்கியது. அந்த வாரம் இங்கே நம்மில் எத்தனை பேர் சைதாப்பேட்டைக்கும் முடிச்சூருக்கும் விடாமல் போன் போட்டு, லைன் கிடைக்காமல் தவித்தோம். அந்த நேரத்தில் கால்பந்து யாருக்கு ஞாபகம் இருக்கும்? சென்னையின் எஃப்சி லீக்கில் மூன்றாவதாக வந்து அரையிறுதிக்குப் போயிருந்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய முதல் ஆட்டம் புனேயில் பாலேவாடிக்கு மாற்றப்பட்டது. எதிரணி கொல்கத்தாவுக்கோ அடுத்த ஆட்டம் வழக்கம்போல சொந்த மண்ணில்.

டிசம்பர் 12ல் புனேயில் சென்னை 3-0 என்று ஜெயித்தது. கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தத்தில் 4-2. இறுதியாட்டம் கோவாவில் ஃபதோர்தாவில், எதிரணி எஃப்சி கோவா! 87வது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து 3-2.

2018 மார்ச்சில் மறுபடியும் கோப்பை. அதுவும் பெங்களூரில், பெங்களூரு எஃப்சியை எதிர்த்து, அதே 3-2. மூன்றாவது இறுதியாட்டம் 2020 மார்ச் 14, ஃபதோர்தாவில், எதிரணி கொல்கத்தா. கொரோனா பயத்தில் காலி மைதானம். யாருக்கும் சொந்த ஊர் இல்லாத, காகிதத்தில் மிகச் சமமான அந்த ஆட்டத்தில்தான் சென்னை 1-3 என்று தோற்றது!

இதை வைத்து வெளியூர் ஆட்டம் சுலபம் என்று சொல்ல வரவில்லை. ஜெயித்துவிட்டதால் 2015ல் நடந்தது நியாயமாகியும் விடாது. வெள்ளத்துக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாதுதான். ஆனால் ஒரு அணி மைதானத்தை இழந்தால் அதற்கு என்ன ஈடு என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே எழுதி வைக்கலாம். இரண்டு ஆட்டத்தையும் பொது ஊரில் வைப்பது ஒரு வழி. ஆனால் அப்படிச் செய்தால் கொல்கத்தா ரசிகர்கள் செய்த பாவம் என்ன?

நீங்கள் அட்டவணை போடுகிறவராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சொல்லுங்களேன்.