புதுக்கோட்டை வெயிலில் ஓவர்கிளாக்கிங்

இன்னைக்கு ஓவர்கிளாக்கிங் வரலாறு. அந்த வரலாற்றை புதுக்கோட்டை மாவட்டத்துல, ஏசி இல்லாத அறையில ஒரு டெஸ்க்டாப் வச்சிருக்கிறவங்க பக்கத்துல இருந்து பார்க்கப் போறோம்.

1998 ஆகஸ்ட். இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ சிப்பை வெளியிட்டது. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால், அதே சிப் பெரும்பாலும் 450-ல் ஓடியது. பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2-வின் வேகம்! 300-ல் ஓடும்போது அது கக்கிய வெப்பமும் 20 வாட்டுக்குள்ளதான். ஒரு சின்ன ஃபேன் போதும்.

அந்தச் சுகம் ரொம்ப நாள் நீடிக்கல. 2004-ல் வந்த பென்டியம் 4 பிரெஸ்காட் 100 வாட்டைத் தாண்டியது. அடுத்து வரவிருந்த டேஜாஸ் சிப்பை அதே வருஷம் இன்டெல் கைவிட்டு, இரண்டு கோர் பக்கம் திரும்பியது. வேகப் போட்டிக்கு பிரேக் போட்டது வெப்பம்.

ஏன்? சிப்பின் வெப்பம் வேகத்தோடு ஏறும். வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்தோடும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால், வெப்பம் சுமார் 33 சதவீதம் கூடும்.

இப்போ நம்ம ஊர் கணக்கு. காற்றோ தண்ணீரோ, சாதாரண கூலர் எதுவும் சிப்பை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. அறையைவிட எத்தனை டிகிரி மேலே என்பதை மட்டும்தான் அது தீர்மானிக்கும். ஒரு கூலரில் அது 40 டிகிரின்னு வச்சுக்குவோம். 22 டிகிரி அறையில் சிப் 62-ல் நிற்கும். ஓவர்கிளாக் செய்தால் 75. அக்னி நட்சத்திர மதியம், மொட்டை மாடிக்குக் கீழே 40 டிகிரி அறை. அங்க அதே கூலர், அதே சிப், ஆனா 93! பல சிப்புகள் 95 முதல் 100 டிகிரியில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு போட்டுக் கூட்டிய வேகம் அங்கேயே காலி.

2023-ல் ஒரு இன்டெல் சிப் 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி உலக சாதனை படைத்தது. அதற்கு திரவ ஹீலியம் ஊற்றினார்கள். அது சாதனைக்கான வழி, வீட்டுக்கானது இல்ல.

வீட்டுக்கான வழியை இதே மாவட்டத்துல பார்க்கலாம். கோனாபட்டு, ராயவரம் பக்கம் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்க. கனமான சுவர், உயர்ந்த கூரை, நடுவில் திறந்த முற்றம், நேர்கோட்டில் வாசல்கள். சூடான காற்று வெளியேற வழி, புதுக் காற்று வர வழி. கேபினெட்டுக்கும் அதே விதிதான்: முன்னால் இழு, பின்னால் தள்ளு. ஆனா வெளியே தள்ளின சூடு அறைக்குள்ளேயே சுத்தினா பிரயோஜனம் இல்ல. அதனால முதல்ல ஜன்னலைத் திறங்க, தூசியைத் துடைங்க, பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைங்க. கூலர் வாங்குறது அப்புறம்.

இன்னொண்ணு, அண்டர்வோல்டிங். வேகத்தைத் தொடாம வோல்டேஜை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் சிஸ்டம் நிலையாக ஓடுதான்னு சோதிக்கிறது. 5 சதவீதம் குறைந்தாலே வெப்பம் ஏறக்குறைய 10 சதவீதம் இறங்கும். என்னைக் கேட்டா, மே மாச புதுக்கோட்டைக்கு ஏத்த ஓவர்கிளாக்கிங் இதுதான்.

ரிவ்யூல டெம்பரேச்சர் நம்பர் பார்த்தா, அறை எத்தனை டிகிரின்னு முதல்ல தேடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.