மடு மாதாவின் நிழலில் கிடைத்த மன அமைதி

போர்க்காலத்தில் செய்தி எழுதிய என்போன்றோருக்கு மடு என்பது நெடுங்காலம் ஒரு செய்தித் தலைப்பாகவே இருந்தது. இடம்பெயர்ந்தோர் தொகை, விழுந்த எறிகணைகள், மூடப்பட்ட பாதை என்றவாறே அப்பெயர் எமது பத்திகளில் இடம்பெற்றது. சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அத்தலத்தின் வழிபாடு அந்நியமானதன்று. எமது பகுதிகளில் சைவர்களும் மடுவுக்கு நேர்த்தி வைப்பதுண்டு. ஆயினும், தஞ்சம் தேடிய மக்கள் அங்கே எத்தகைய ஆறுதலைக் கண்டனர் என்பதை அத்தலத்தின் வரலாற்றைப் படித்த பின்னரே ஓரளவு விளங்கிக்கொண்டேன்.

அவ்வரலாறு ஓர் இடப்பெயர்விலேயே தொடங்குகின்றது. 1658 இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. புதிய ஆட்சியாளர் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கக் குருமார் நாடுகடத்தப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1670 ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள், தமது ஆலயத்திலிருந்த மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தன என்பது மரபுவழிச் செய்தி. ஒல்லாந்தரின் கை எட்டாத மருதமடுவில் அவர்கள் குடியேறினர். யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த வேறு சிலரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டனர்.

அக்காடு பாம்பும் காய்ச்சலும் நிறைந்தது. ஊரையும் நிலத்தையும் விட்டு வந்தோர் அங்கே முதலில் அமைத்தது ஒரு சிறு கோயில். மடு மண் விஷக்கடியிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கையும் அக்காட்டு வாழ்விலிருந்து பிறந்ததாகவே இருக்க வேண்டும். இன்றும் பக்தர்கள் அம்மண்ணை எடுத்துச் செல்கின்றனர்.

இக்காலத்தில் அவர்களுக்குக் குருவானவர் இல்லை, திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்பாரும் இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வட பகுதிக் கத்தோலிக்கர் வீடுகளுக்குள் செபமாலை சொல்லியே தமது சமயத்தைக் காத்தனர். ஒரு தலைமுறையே குருவைக் காணாது வளர்ந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

1687 இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்தவுடனேயே கடும் நோயில் விழுந்தார். தேறிய பின் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகின்றது என்பதை வைத்தே கத்தோலிக்கரை அடையாளங் கண்டார் என்று அவரது வரலாறு கூறுகின்றது. சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். பின்னர் கண்டியில் போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தின்பேரில் சிறை வைக்கப்பட்டார். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச் சென்று பணிவிடை செய்தவர் அவரே. 1711 இல் கண்டியிலேயே காலமானார். பாதுகாப்பான நாள் ஒன்றுகூட அவருக்கு வாய்த்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அவர் சென்ற இடமெல்லாம் மக்களின் அச்சம் தணிந்தது.

மடுவின் நம்பிக்கைக்குக் கடுஞ்சோதனை எமது காலத்திலேயே வந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் பல்லாயிரக்கணக்கானோர் மடு வளாகத்தில் தஞ்சமடைந்தனர். அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயமும் அங்கே நிவாரண நிலையம் ஒன்றை நடத்தியது. தேவாலயம் என்பதால் எவரும் தாக்கமாட்டார்கள் என்றே மக்கள் நம்பினர். 1999 நவம்பர் 20 ஆம் திகதி அந்நம்பிக்கை சிதறியது. ஆலய வளாகத்தில் விழுந்த எறிகணைகளால் 40 பேரளவில் மாண்டனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். படையினரும் விடுதலைப் புலிகளும் ஒருவர்மீது ஒருவர் பழி சுமத்தினர்.

மாதா ஏன் காக்கவில்லை என்ற கேள்வியை வெளியிலிருப்போர் எளிதாகக் கேட்டுவிடலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் அதனைக் கேட்டிருப்பார்கள். இதற்கு என்னிடம் விடையில்லை. ஆனால் அதன் பின்னரும் மக்கள் மடுவுக்குச் செல்வதை நிறுத்தவில்லை. ஆபத்து வராது என்ற உறுதியை மட்டும் தேடிச் சென்றவர்களாயின், அன்றோடு அவர்கள் வழி மாறியிருக்க வேண்டுமல்லவா? உலகம் தரும் சமாதானம் வேறு, தாம் தரும் சமாதானம் வேறு என்று இயேசு சீடர்களிடம் கூறியதாக யோவான் நற்செய்தியில் வருகின்றது. அவர் அதைக் கூறியது தாம் கைதுசெய்யப்படவிருந்த இரவில். மகனை இழந்த தாயின் முன்னே நின்று அழுத மற்றொரு தாயாகவே எம்மவர் மரியாளைக் கண்டனர். தமது துயரம் அறியப்பட்ட ஓரிடத்தில் அழுது முடித்து, மறுநாள் அடுப்பு மூட்ட எழும் வலிமையே அவர்கள் பெற்ற அமைதி.

2008 ஏப்ரலில் போர் மடுவை நெருங்கியபோது, குருமார் திருச்சொரூபத்தை அங்கிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டு சென்றனர். மாந்தையிலிருந்து புறப்பட்டு 338 ஆண்டுகளின் பின்னர் மாதாவும் தமது மக்களைப் போலவே மீண்டும் இடம்பெயர்ந்தார். அவ்வாண்டு ஓகஸ்டில் சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. அதனைப் பின்தொடர்ந்து வன்னிக்குள் ஒதுங்கிய மக்களுள் பலர் திரும்பவேயில்லை.

இத்தகைய அமைதி வாய்மூடி இருக்கச் செய்யும் மயக்கம் அன்று என்பதற்கு மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை சான்று. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றிய அவர், வன்னி மக்கள்தொகை பற்றிய அரச புள்ளிவிபரங்களை ஒப்பிட்டு, 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். அக்காலச் சூழலில் அவ்வாறு கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். செபத்திலிருந்தே அவர் அதனைப் பெற்றிருக்க வேண்டும் என்பது எனது எண்ணம். அவர் 2021 ஏப்ரல் 1 ஆம் திகதி காலமானார். அவரது கேள்விக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

2015 ஜனவரி 14 ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனம் செய்துவிட்டு, அன்றே மடுவுக்கும் வந்தார். போரில் உறவுகளை இழந்த தமிழரும் சிங்களவரும் ஒரே முற்றத்தில் நின்றனர். ஆண்டுதோறும் ஓகஸ்ட் 15 திருவிழாவில் அம்முற்றம் நிறைகின்றது. காணாமற்போன பிள்ளையின் படத்தை மார்போடு அணைத்தவாறு அங்கே வரும் தாய்மாருக்கு நல்லிணக்கம் பற்றிய எமது கட்டுரைகள் என்ன தந்தன என்று நான் அறியேன். மாதாவின் முன் ஒரு மெழுகுதிரி ஏற்றி, அப்பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மடு அவர்களுக்கு இடம் தருகின்றது.