ஐஸ் ஹவுசும் மூணாறு டீயும்

ஐஸ் டீக்கு எவ்வளவு ஐஸ் போடணும்? கணக்குப் போட்டே பார்த்துடலாங்க.

டம்ளர்ல 150 மில்லி டீ, 80 டிகிரி சூடு. 30க்கு இறக்கணும். டீயைத் தண்ணியாவே வெச்சுக்கிட்டா, வெளியேற வேண்டிய சூடு 7,500 கலோரி. ஒரு கிராம் ஐஸ் உருகறதுக்கே 80 கலோரி வாங்கிக்கும். உருகின தண்ணி 30 டிகிரிக்கு வர இன்னொரு 30. மொத்தம் 110. ஆக, 68 கிராம் ஐஸ் போதும். இதையே 0 டிகிரி தண்ணியை ஊத்திச் செய்யணும்னா 250 கிராம் வேணும். அப்புறம் அது டீ இல்லை, கழுநீர்!

அந்த 80 கலோரியைத்தான் பள்ளிக்கூடத்துல 'உள்ளுறை வெப்பம்'னு படிச்சோம். 1760களில் இதை விளக்கினவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். காசாக்கினவர் பாஸ்டன் வியாபாரி பிரெடரிக் டியூடர். இவ்வளவு சூடு உள்ளே போனாத்தானே ஐஸ் உருகும்? அந்தச் சூட்டை உள்ளே விடாம மூடி வெச்சுட்டார். 1833ல் 180 டன் ஏரி ஐஸோடு கிளம்பின கப்பல், பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டி, நாலு மாசம் கழிச்சுக் கல்கத்தா சேர்ந்தது. அப்பவும் சுமார் 100 டன் மிச்சம்!

அந்த வியாபாரம் மெட்ராசுக்கும் வந்தது. 1842ல் கட்டின கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897ல் விவேகானந்தர் தங்கினதால, இன்னைக்கு அது விவேகானந்தர் இல்லம். 1870களில் மெட்ராஸ்லயே மெஷின் ஐஸ் தயாரானதும், கப்பல் ஐஸ் படுத்துடுச்சு.

அதே சமயம், 1877ல், ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்துக்கிட்ட இருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். அப்புறம் மூணாறுல தேயிலை வந்தது. போடி மலைப்பாதை ஏறிப்போன நம்ம சனங்க அங்கே கொழுந்து பறிச்சாங்க; அவங்க வாரிசுகள் இன்னைக்கும் பறிக்கறாங்க.

அங்கே ஐஸ் காசில்லாமலே வரும். டிசம்பர், ஜனவரி மாசத்துல, மேகமில்லாத ராத்திரியில இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுட்டு 0 டிகிரிக்கும் கீழே போயிடும். செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் காலையில வெள்ளைவெளேர்னு உறைபனி. டூரிஸ்டுங்க போட்டோ எடுப்பாங்க. வெயில் ஏறினா இலை கருகிடும். கொழுந்து குறைஞ்சா, கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கற காசும் குறையும்.

பிள்ளைங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கறப்போ, இந்த வரவு செலவையும் சேர்த்துச் சொல்லுங்க. டீயைக் குளிர வைக்க 68 கிராம் ஐஸ் போதும். கொழுந்து பறிக்கறவங்க கூலியைக் குறைக்க ஒரு ராத்திரிப் பனி போதும்.