இயந்திரத்துக்குள் ஓர் இயந்திரம்

லினக்ஸ் இயங்குதளத்தை மூல நிரலிலிருந்து தம் கையாலேயே கட்டிக்கொள்ள விரும்புவோர் முதலில் ஒரு கேள்விக்கு விடை காணவேண்டும். அதைத் தம் கணினியின் வன்தட்டிலேயே நேராகக் கட்டுவதா, அன்றி அக்கணினிக்குள் மென்பொருளால் அமைந்த மெய்நிகர் கணினியில் கட்டுவதா? இக்கேள்விக்கான காரணம் லினக்ஸின் பிறப்பிலேயே இருப்பதைக் காண்கிறோம்.

1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு 386 கணினியை வாங்கி, அதில் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவினார். தமது புதிய இயங்குதளத்தை அவர் எழுதியதும் தொகுத்ததும் மினிக்ஸில் இருந்துகொண்டுதான். வாடகை வீட்டில் குடியிருந்தவாறே சொந்த வீடு கட்டுவதை வெளியூர்வாசிகளாகிய நாம் அறிவோம். ஆனால் இங்கே இரண்டு வீட்டுக்கும் மனை ஒன்றே. ஒருநாள், பல்கலைக்கழகக் கணினியைத் தொலைபேசி வழியே அழைக்கும் கட்டளையை மோடத்திற்கு அனுப்புவதற்குப் பதில், தவறுதலாக வன்தட்டிற்கே அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி சிதைந்தது. அவர் அதை மீண்டும் நிறுவவில்லை, லினக்ஸிலேயே குடிபுகுந்தார். விபத்து அவருக்கு நன்மையாயிற்று. எல்லோருக்கும் அவ்வாறே வாய்க்கும் என்று நாம் நம்புவதற்கில்லை.

இவ்விடருக்கு மாற்று, பெருங்கணினி உலகில் முன்னரே இருந்தது. ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகக் காட்டும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களில் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாக்கினர், 1972இல் வி.எம்/370 அறிவிக்கப்பட்டது. சோதனையிலுள்ள இயங்குதளம் கவிழ்ந்தாலும் பிறர் வேலை நிற்காது. மேசைக் கணினிக்கு இவ்வசதியை 1999இல் விஎம்வேர் கொண்டுவந்தது. எனினும் அன்றைய எக்ஸ்86 செயலிகள் இதற்கென வடிவமைக்கப்பட்டவையல்ல. சில கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதவேண்டியிருந்தது. செயலியிலேயே அதற்கான துணை 2005 முதல் வந்தது, 2007இல் கே.வி.எம். லினக்ஸின் கெர்னலோடு சேர்ந்தது.

ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' நூலைப் பின்பற்றுவோருக்கு இஃது பெரும் பாதுகாப்பு. தவறான பகுதியை அழித்தாலும் போவது ஒரு கோப்பே. முன்னைய நிலையைச் சேமித்திருந்தால் அதுவும் மீளும். ஆகவே முதன்முறை கட்டுவோர் மெய்நிகர் கணினியிலேயே கட்டுக என்போம்.

ஆனால் அங்கே கெர்னல் காணும் வன்தட்டும் வலையட்டையும் பாவனைச் சாதனங்களே. அவற்றுக்கு மட்டும் இயக்கிகளைச் சேர்த்துக் கட்டிய கெர்னலை உண்மைக் கணினிக்கு எடுத்துச் சென்றால், தன் கோப்புகள் இருக்கும் வன்தட்டையே காணமுடியாமல் தொடக்கத்திலேயே நின்றுவிடக்கூடும். தம் இயந்திரத்தின் உறுப்புகள் எவையெவை என்பதைக் கட்டுபவர் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கேட்டறியத் தொடங்குகிறார்.