இரட்டைச் சூரிய உதயப் பறப்பு

இரட்டைச் சூரிய உதயப் பறப்பு என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனம் நடத்திய இடைநில்லா வான்வழிச் சேவை ஆகும். 1943 சூன் முதல் 1945 சூலை வரை இச்சேவை நடைபெற்றது. 24 மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்ததால் பயணிகள் ஒரே பறப்பில் இருமுறை சூரிய உதயத்தைக் கண்டனர். பெயர் வந்தது இதனாலேயே.

பின்னணி

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்ததும், ஆஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான வான்வழி துண்டிக்கப்பட்டது. இந்தியப் பெருங்கடலை நேராகக் கடப்பதே எஞ்சியிருந்த குறுக்குவழி. பேர்த்தின் நெட்லண்ட்சில் சுவான் ஆற்றிலிருந்து புறப்பட்ட கட்டலினா வகைப் பறக்கும் படகுகள் கொக்கலை ஏரியில் இறங்கின. பின்னர் சேவை கராச்சி வரை நீட்டிக்கப்பட்டது.

தொலைவும் நேரமும்

இரு இடங்களுக்கும் இடையே புவி மேற்பரப்பில் மிகக் குறுகிய தொலைவு சுமார் 5,650 கிலோமீட்டர். கட்டலினாவின் பயண வேகமோ மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மட்டுமே. ஆகவே காற்றில்லாத நாளில் 28 மணி நேரம் பிடிக்கும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேக எதிர்காற்று வீசினால் அதுவே 32 மணி நேரத்தைத் தாண்டிவிடும். மெதுவான விமானத்தையே காற்று அதிகம் தாமதப்படுத்துகிறது. பதிவான மிக நீண்ட பறப்பு 32 மணி 9 நிமிடம். இன்றைய தாரை விமானம் இத்தொலைவை ஏறத்தாழ 7 மணி நேரத்தில் கடந்துவிடும். வான்கப்பல்களை விட்டுவிட்டால், வானில் கழிந்த நேரத்தின்படி இதுவே மிக நீண்ட இடைநில்லாப் பயணியர் சேவை எனக் கருதப்படுகிறது.

இவ்வளவு நேரத்துக்கான எரிபொருளை ஏற்றியபின் வேறு எதற்கும் இடம் மிஞ்சவில்லை. ஒரு பறப்பில் அதிகபட்சம் மூன்று பயணிகளும் சுமார் 69 கிலோகிராம் அஞ்சலுமே சென்றனர். யப்பானிய விமானங்கள் உலவும் பகுதியை இருளில் கடக்குமாறு புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. விமானங்களில் ஆயுதம் இல்லை. வானொலியும் பெரும்பாலும் மௌனம் காத்தது. எனவே விண்மீன்களின் உயரத்தை அளந்தே வழி கண்டனர். ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களே இடப்பட்டிருந்தன. அவற்றுள் அல்டேர், அண்டாரிஸ், இஸ்பைக்கா ஆகியவை தமிழர் முறையே திருவோணம், கேட்டை, சித்திரை என அறிந்தவை.

பயணிகளுக்கு "இரட்டைச் சூரிய உதயத்தின் இரகசியக் கழகம்" என்னும் சான்றிதழ் வழங்கப்பட்டது.

முடிவு

1944இல் இதே கடல்வழியில் லிபரேட்டர் விமானங்கள் சேர்க்கப்பட்டன. தரையில் இறங்கும் இவை மேற்கு ஆஸ்திரேலியாவின் லியர்மந்திலிருந்து இரத்மலானைக்குச் சென்றன. பயண நேரமும் வெகுவாகக் குறைந்தது. கட்டலினாக்கள் மொத்தம் 271 முறை கடலைக் கடந்தன, ஒன்றுகூட இழக்கப்படவில்லை. எனினும் அமெரிக்காவின் கடன்-குத்தகை ஒப்பந்த விதிகளின்படி, போர் முடிந்தபின் அவை ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

சிட்னியிலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாமல் பறக்கும் தன் திட்டத்துக்கு குவாண்டாஸ் "சூரிய உதயத் திட்டம்" எனப் பெயரிட்டது இப்பறப்புகளின் நினைவாகவே.