பதிவறைச் சீட்டு

1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அந்நாளில் பதிவறை பார்த்தவர்களுக்கு ஒரு வழக்கம் நினைவிருக்கும். கட்டிலிருந்து ஒரு கோப்பை எடுத்தால், அந்த இடத்தில் ஒரு சீட்டைச் செருக வேண்டும். யார் வாங்கினார், எந்தத் தேதியில் என்று அதில் இருக்கும். சீட்டு இல்லையேல் பிரிவு பிரிவாகத் தேட வேண்டியதுதான்.

அதே 1989 மார்ச்சில் அமெரிக்காவில் ஆர்எஃப்சி 1094 என்ற விதி ஆவணம் வெளிவந்தது. நம் நாட்டு வினோத் கோஸ்லாவும் சேர்ந்து தொடங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ், 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் முறையின் விதிகள் அவை. ஓரிடத்துச் சர்வரில் உள்ள கோப்பை, வயரில் இணைந்த மற்றக் கணினிகள் தம்முடையதைப் போலவே படிக்கலாம், எழுதலாம். விந்தை என்னவென்றால், இந்தப் பதிவறையில் சீட்டே கிடையாது! யார் எதைத் திறந்திருக்கிறார் என்று சர்வர் நினைவில் வைப்பதில்லை. கரண்ட் போய் வந்தால் மறுபடி கேட்டால் போதும், வேலை தொடரும். நம் ஊருக்கு ஏற்ற ஏற்பாடு.

ஆகவே 'இத்தனை கோப்புதான் திறக்கலாம்' என்ற வரம்பு, கேட்பவர் மேஜையிலேயே இருந்தது. பழைய டாஸ் கணினியில் ஒரு நிரலுக்கு 20. அதில் விசைப்பலகை, திரை, பிரிண்டர் என்று 5 முன்பே போய்விடும், மிச்சம் 15. லினக்ஸில் வழக்கமாக 1024, அதிலும் 3 போய் 1021.

2000 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பில் சீட்டு திரும்பி வந்தது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதில் ஒரு சிரிப்பு. அம்மொழியில் கணினிக் கோப்புக்குப் பெயர் 'ஃபிஷியே'. அது 'ஃபிஷ்', அதாவது சீட்டு என்ற சொல்லிலிருந்து வந்தது.

சீட்டு வந்ததும் பழைய தொல்லையும் வந்தது. கோப்பை வாங்கியவர் திருப்பித் தராமலே மாற்றலாகிப் போனால்? இங்கே அது நடுவில் அணைந்துபோன கணினி. அதனால் சீட்டுக்குத் தவணை வைத்தார்கள். லினக்ஸ் சர்வரில் பொதுவாக 90 விநாடி. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் சர்வர் அச்சீட்டை நீக்கிவிடலாம்.

இவ்வளவும் சரியாக நடக்குமா என்று சோதிக்கும் முறை எளியது. ஒரு சிறு நிரல் கோப்புகளை மூடாமல் திறந்துகொண்டே போகும். எந்த எண்ணில் மறுப்பு வருகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிழை எண் 24 வந்தால் நிரலின் வரம்பு தீர்ந்தது, 23 வந்தால் கணினி முழுவதற்குமான வரம்பே தீர்ந்தது. இரண்டுக்கும் மருந்து வேறு. அடுத்துப் பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் திறப்பார்கள். பிறகு ஒன்றின் வயரைப் பிடுங்கிவிட்டு, அதன் சீட்டுகள் கழிகின்றனவா என்று பார்ப்பார்கள். என் கணக்கில் இந்தக் கடைசிச் சோதனைதான் முக்கியம். பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். சீட்டுகள் கழியாமல் தேங்கினால், ஜமுனாமரத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கவுண்டரில் நிற்பவருக்குத்தான் 'சிஸ்டம் வேலை செய்யவில்லை' என்ற பதில் கிடைக்கும்.

சோதனையை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வது நல்லது. திங்கள் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள்.