சீனக் கரைக்குச் சென்ற மரக்கலங்கள்

காப்பாருக்கு அருகிலுள்ள கிள்ளான் துறைமுகத்தில்தான் நம் பாட்டன்மார் பலர் கப்பலிலிருந்து இறங்கினர். அவர்களுக்குப் பல நூறாண்டு முன்னரே தமிழ் வணிகர் இந்த மலாக்கா நீரிணையைக் கடந்து சீனம் வரை சென்றிருக்கின்றனர். அங்கே சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியை அது கூறுகிறது.

அக்கடலில் உயிரையும் பொருளையும் எந்தக் கலத்தை நம்பி ஒப்படைப்பது? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. அதே நூற்றாண்டில் அங்கு வந்த மார்க்கோ போலோ சொல்கிறார். தேங்காய் நார்க்கயிற்றால் தைத்த ஓர்முசுக் கப்பல்களை, அடிக்கடி மூழ்குபவை என்று அவர் பழிக்கிறார். நார்க்கயிற்றின் உறுதியை அறிந்த நமக்கு இது சற்று மிகையாகவே படுகிறது! சீனக் கப்பல்களோ இரும்பாணி அடித்தவை. பெரிய கப்பல்கள் சிலவற்றின் உட்புறத்தைக் கெட்டிப் பலகைகளால் 13 அறைகளாகத் தடுத்திருந்தனராம். ஓர் அறையில் ஓட்டை விழுந்தால் நீர் அடுத்த அறைக்குப் பரவாது. சரக்கை மாற்றிவிட்டு ஓட்டையை அடைத்துவிடுவார்கள்.

இது வெறும் பயணிக் கதையா? 1974இல் சுவான்சௌ விரிகுடாச் சேற்றிலிருந்து அந்நூற்றாண்டுக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தனர். எண்ணிப் பார்த்தால் அதிலும் 13 அறைகள்! வாசனைக் கட்டைகளோடு மிளகும் இருந்தது. அந்நகரின் கையுவான் பௌத்தக் கோயில் வளாகத்தில் அக்கப்பலைக் காட்சிக்கு வைத்திருக்கின்றனர். அதே கோயிலில், இடிந்துபோன இந்துக் கோயிலிலிருந்து கொண்டுவந்த இரண்டு கல்தூண்களும் நிற்கின்றன.